ஆங்கில வகுப்பு எப்படிக் கலைப்படைப்பாகும்?

2015 ஜூலையில் நியூயார்க் நகர நிர்வாகம் ஒரு நியமனத்தை அறிவித்தது. குடியேறிகள் விவகாரங்களைக் கவனிக்கும் மேயர் அலுவலகத்தில் இனி ஒரு கலைஞரும் வேலை செய்வார். அவர் பெயர் தானியா புருகேரா. 1968இல் ஹவானாவில் பிறந்தவர். நிகழ்த்துகலையில் உலக அளவில் பெயர் பெற்றவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2014 டிசம்பர் இறுதியில், ஹவானாவின் புரட்சிச் சதுக்கத்தில் ஒரு மைக்கை வைத்து, யார் வேண்டுமானாலும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம் என்று ஏற்பாடு செய்யப் பார்த்தார். கியூபப் போலீஸ் அவரைப் பிடித்தது, பாஸ்போர்ட்டையும் பறித்து வைத்துக்கொண்டது. அப்படிப்பட்டவருக்கு நியூயார்க்கில் கிடைத்த வேலை, உரிய ஆவணங்கள் இல்லாமல் வாழும் மக்களிடம் நகரத்தின் புதிய அடையாள அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதற்குக் கலைஞர் எதற்கு, ஒரு விளம்பர நிறுவனம் போதாதா என்று கேட்கலாம். இது சமூகசேவைதானே, இதில் கலை எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் தேட வேண்டுமானால், குடியேறிகளோடு சேர்ந்து வேலை செய்யும் கலைஞர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மூன்று விதமான உறவு

"குடியேறிகள் சமூகத்தோடு இணைந்து உருவாக்கியது" என்று அருங்காட்சியகச் சுவரில் ஒரு குறிப்பு இருந்தால், அதற்குப் பின்னால் மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கலாம்.

1. மக்கள் கருப்பொருளாக இருப்பது. கலைஞர் அவர்களை வரைகிறார், படம் எடுக்கிறார், அவர்கள் கதையைக் கேட்டுப் பதிவு செய்கிறார். எதை வைப்பது, எதை விடுவது என்பதெல்லாம் கலைஞர் கையில்.

2. மக்கள் மூலப்பொருளாக இருப்பது. அவர்களுடைய உடல், குரல், உழைப்பு ஆகியவை படைப்புக்குள்ளேயே வருகின்றன. என்ன செய்ய வேண்டும் என்று கலைஞர் சொல்வார், அவர்கள் செய்வார்கள். சில சமயம் கூலி உண்டு.

3. மக்கள் பங்காளிகளாக இருப்பது. எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளில் அவர்களுக்கும் கை உண்டு.

மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் குழப்பத்துக்கு முக்கியக் காரணம். இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் கலை விமர்சகர்கள் அல்ல. அமெரிக்காவில் நகர வளர்ச்சித் திட்டங்களை ஆராய்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கீழ்ப்படியில், மக்களைக் கூட்டி உட்காரவைத்து, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குத் தலையாட்ட வைப்பார்கள். நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், கேட்டுவிட்டுத் தாங்கள் நினைத்ததையே செய்வார்கள். மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறும். கலைத் திட்டங்களையும் இந்த ஏணியில் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலானவை நடுவில்தான் நிற்கும்.

இதற்கு முன் நடந்தவை

கலைஞர் ஒருவர் அரசு அலுவலகத்துக்குள் போய் உட்காருவது நியூயார்க்குக்குப் புதிதல்ல. மியெர்ல் லேடர்மன் யூகெலஸ் 1977இலிருந்து அந்த நகரத்தின் துப்புரவுத் துறையோடு இணைந்த கலைஞராக இருந்தவர். 1979, 1980ஆம் ஆண்டுகளில் அவர் செய்த படைப்பு, நகரத்தின் 8,500 துப்புரவுப் பணியாளர்களையும் நேரில் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னது. புருகேராவின் நியமனம் இந்த முன்மாதிரியை ஒட்டி வந்ததுதான்.

குடியேறிகளோடு செய்த வேலைகளில் இரண்டு எதிர்த்துருவங்களைத் தெரிந்துவைத்திருந்தால் நடுவில் இருப்பவை எளிதாகப் புரியும்.

ஒரு பக்கம் வார்சாவில் பிறந்த கிறிஸ்டோஃப் வொடிச்கோ. 1990களின் தொடக்கத்தில் அவர் வெளிநாட்டவர்களுக்காக ஒரு கைத்தடி செய்தார். தடியின் உச்சியில் சின்ன வீடியோத் திரை. அதில் தடியை வைத்திருப்பவரே தன் கதையைச் சொல்வார். நடுவில் உள்ளிருப்பது தெரியும் குழாய்கள்; அவற்றுக்குள் அவருடைய பழைய விசா, கடிதம், புகைப்படம் போன்றவை. தெருவில் இதைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாராவது நின்று கேட்பார்கள், பேச்சு தொடங்கும். 2001இல் மெக்சிகோவின் திகுவானா நகரில், எல்லையோரத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் முகத்தை, அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்நகரப் பண்பாட்டு மையத்தின் உருண்டைக் கட்டடத்தின்மேல் ஒளியாகப் பாய்ச்சினார். கருவி கலைஞருடையது, பேச்சு அவர்களுடையது.

மறுபக்கம் ஸ்பெயினின் சந்தியாகோ சியர்ரா. 2000இல் பெர்லினில் அவர் தஞ்சம் கோரி வந்திருந்த ஆறு பேரைக் காட்சிக்கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்குள் உட்காரவைத்தார். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருந்ததால் அவர்களுக்குச் சட்டப்படி கூலி கொடுக்க முடியாது. படைப்பின் தலைப்பே அதைத்தான் சொன்னது. அடுத்த ஆண்டு, வெனிஸில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான பியனாலேவில், பெரும்பாலும் தெருவோர வியாபாரம் செய்த குடியேறிகள் 133 பேருக்கு ஆளுக்கு 1,20,000 லிரா கொடுத்து, அவர்கள் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசவைத்தார். ஐரோப்பா இவர்களை எப்படி நடத்துகிறதோ அதையே நான் காட்சிக்கூடத்துக்குள் காட்டுகிறேன், நான் எதையும் புதிதாகச் செய்யவில்லை என்பது அவர் தரப்பு. சுரண்டலைக் காட்டுவதற்காக இன்னொரு முறை சுரண்ட வேண்டுமா என்பது எதிர்த்தரப்பு.

சியர்ராவை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நேர்மையானவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பதைத் தலைப்பிலோ விளக்கக் குறிப்பிலோ போட்டுவிடுவார். "சமூகத்தோடு கைகோத்து" என்று எழுதிக்கொள்ளும் பல திட்டங்கள் இந்தக் கணக்கை வெளியே சொல்வதில்லை.

கொரோனாவில் நடந்தது

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். அதன் நடுவில் கொரோனா என்ற வட்டாரம் இருக்கிறது (பெருந்தொற்றுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, இது 19ஆம் நூற்றாண்டுப் பெயர்). ஒரு காலத்தில் இத்தாலியர்கள் வாழ்ந்த இடம், ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடு இருக்கும் இடம். இன்று மெக்சிகோ, எக்குவடோர், டொமினிக்கன் குடியரசு, கொலம்பியா என்று லத்தீன் அமெரிக்காவின் பல நாட்டுக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். தலைக்குமேல் 7ஆம் எண் ரயில் ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஒரு கடையிடத்தில், 2011இல் புருகேராவின் "சர்வதேசக் குடியேறிகள் இயக்கம்" தொடங்கியது. பின்னால் இருந்து நடத்தியவை இரண்டு அமைப்புகள்: குவீன்ஸ் அருங்காட்சியகம், பொது இடக் கலைத் திட்டங்களை நடத்தும் கிரியேட்டிவ் டைம்.

முதல் யோசனை வகுப்பு நடத்துவது அல்ல. 2005இல் பாரிஸ் புறநகர்களில் கலவரம் வெடித்ததைத் தொடர்ந்து, குடியேறிகளுக்கென்று ஓர் அரசியல் கட்சி இருந்தால் எப்படியிருக்கும் என்று புருகேரா யோசிக்கத் தொடங்கியிருந்தார். அந்த யோசனையோடு கொரோனாவுக்கு வந்தவர், அங்கேயே ஒரு நெருக்கடியான அடுக்ககத்தில், ஆவணங்கள் இல்லாத ஐந்து பேரோடும் அவர்களுடைய குழந்தைகளோடும் குடியிருந்தார். குறைந்தபட்சக் கூலி அளவில் செலவு செய்வது, மருத்துவக் காப்பீடு வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று தனக்கு நிபந்தனை வைத்துக்கொண்டார். செய்தித்தாள்கள் ஓடிவந்து எழுதியது இதைப் பற்றித்தான். எனக்கு இந்தப் பகுதி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வேண்டும்போது வெளியேறிவிடக் கூடிய ஒருவர் ஓராண்டு ஏழையாக வாழ்வதும், வேறு வழியில்லாமல் வாழ்வதும் ஒன்றல்ல. அதோடு, குடியேறிகள் எல்லோரும் ஒரே தட்டில் இல்லை. கியூபாவிலிருந்து வருபவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனி வழி திறந்து வைத்திருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த மெக்சிகோக்காரருக்கோ எக்குவடோர்க்காரருக்கோ அது கிடையாது.

கடையிடத்தில் நடந்ததுதான் முக்கியம். ஆங்கில வகுப்பு, சட்ட ஆலோசனை, உடல்நலப் பட்டறை, குழந்தைகளுக்கு இசை, நாட்டார் நடனம். பெண்கள் சேர்ந்து உடற்பயிற்சி செய்யவும் சைக்கிள் ஓட்டவும் தொடங்கிய குழு ஒன்று "நகரும் பெண்கள்" என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்டது. 2011 நவம்பரில் பல நாட்டுக் குடியேறிகளும் செயற்பாட்டாளர்களும் கூடி, குடியேறிகளின் சாசனம் ஒன்றைக் கூட்டாக எழுதினார்கள். கட்சி கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் போய்விட்டது. மக்களுக்கு உடனே தேவைப்பட்டது முன்னால் வந்துவிட்டது. அதற்கு இடம் விட்டதைத்தான் அந்தத் திட்டத்தின் பெரிய தகுதியாக நான் நினைக்கிறேன்.

வகுப்புகளும் சாதாரணமாக நடக்கவில்லை. மெக்சிகோ நகரில் பிறந்த ஓவியர் அலீசா நிசன்பாம் அங்கே பெண்ணியக் கலை வரலாற்றை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஓவியத்தைத் திரையில் போட்டு, அதில் என்ன தெரிகிறது என்று பேசவைத்தால் வாக்கியம் தானே வரும். அப்புறம் அவர் தன் மாணவர்களையே எதிரில் உட்காரவைத்து வரையத் தொடங்கினார். மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு நடக்கும். அந்தப் படங்கள்தான் பின்னாளில் அவரை அறியவைத்தன. 2023இல் குவீன்ஸ் அருங்காட்சியகமே அவருடைய பெரிய கண்காட்சியை நடத்தியது. மேலே சொன்ன மூன்று வகையில் இது எதில் வரும்? படத்தைப் பொறுத்தவரை முதல் வகை. வகுப்பைப் பொறுத்தவரை மூன்றாவது வகைக்குப் பக்கத்தில். ஒரே ஆள், ஒரே அறை, இரண்டு உறவுகள். வகைப்பாடு ஓரளவுக்குத்தான் உதவும்.

சரி, இது கலையா சேவையா?

புருகேரா இதற்கு "பயனுள்ள கலை" என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் வைத்திருக்கிறார். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்க்கலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பி, கலைஞர் தேர்ந்தெடுத்தால் எதுவும் கலைதான் என்று காட்டினார். அதைத் திரும்பக் கழிப்பறையிலேயே மாட்டும் காலம் வந்துவிட்டது என்பது புருகேராவின் பிரபலமான வாதம். வேடிக்கைக்காகச் சொன்னது போல இருந்தாலும் இதில் ஒரு கோட்பாடு இருக்கிறது. பொருளைப் பயன்பாட்டிலிருந்து பிரித்து எடுத்தால்தான் அது கலை என்று 20ஆம் நூற்றாண்டு பழகிவிட்டது. பயன்பாட்டுக்குள்ளேயே கலை இருக்க முடியாதா என்பது கேள்வி.

விமர்சகர்கள் இதில் இரண்டு முகாம்களாக நிற்கிறார்கள். கிராண்ட் கெஸ்டர் போன்றவர்களுக்கு உரையாடலே படைப்பு. நீண்ட காலம் கேட்டு, பேசி, இரு தரப்பும் மாறுவதுதான் அதன் அழகு. கிளேர் பிஷப் இதை ஏற்பதில்லை. நல்ல மனதோடு செய்யப்பட்டது என்பதற்காக ஒரு படைப்பைப் பாராட்டிவிட்டால், அது கலையாக என்ன சாதித்தது என்று கேட்பதையே விட்டுவிடுவோம் என்கிறார். அவருடைய இன்னொரு வாதம் இன்னும் கூர்மையானது. அரசு நலத்திட்டங்களிலிருந்து கைகழுவும்போது, அந்த ஓட்டையைக் குறைந்த செலவில் அடைக்கக் கலைஞர்களை அனுப்புகிறார்கள் என்பது. பிரிட்டனின் அனுபவத்தை வைத்து அவர் சொன்னது இது. நியூயார்க்குக்கும் பொருந்தாது என்று சொல்ல முடியாது.

என் பார்வையில், கலையா இல்லையா என்ற கேள்வியில் அதிக நேரம் செலவழிப்பது வீண். அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது பலன் தரும். "கலை" என்ற பெயர் இருந்ததால் அந்தக் கடையிடத்துக்கு அருங்காட்சியகப் பணம் வந்தது. பத்திரிகைகள் வந்தன. தொண்டு நிறுவனம் என்றால் இத்தனை பேருக்கு இத்தனை வகுப்பு என்று முன்கூட்டியே கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். கலைத் திட்டம் என்பதால் முதல் யோசனையைக் கைவிட்டு வேறு பக்கம் திரும்பும் சுதந்திரம் இருந்தது. இவை ஆதாயங்கள். பாதகமும் உண்டு: கலை உலகத்துக்கு ஒரு பெயர் தேவை. ஐம்பது பேர் சேர்ந்து நடத்தினாலும் பட்டியலில் ஒருவர் பெயர்தான் வரும்.

பெயர், பணம், பொறுப்பு

இங்கிருந்து விளைவுகளுக்குப் போகலாம். இப்படிப்பட்ட திட்டங்களில் உறவு உடைவதும் ஒட்டுவதும் இந்த இடங்களில்தான்.

1. பெயர். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி கூட்டுப்படைப்பு என்றால், தங்கள் பங்குகளை ஒரே முழுமையாக இணைக்கும் நோக்கத்தோடு இருவர் அல்லது பலர் உருவாக்கியதாக இருக்க வேண்டும். ஓவியத்துக்கு உட்கார்ந்தவருக்கு இது பொருந்தாது. வகுப்புக்கு வந்தவருக்கும் பொருந்தாது. கூட்டாக எழுதிய சாசனத்துக்குப் பொருந்தலாம். அதாவது, மக்கள் கொடுப்பதில் பெரும்பகுதி (நேரம், நம்பிக்கை, அக்கம்பக்கத்து அறிமுகம்) சட்டத்தின் கண்ணில் படைப்புப் பங்கே அல்ல. எழுத்தில் முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் அது யாருடைய கணக்கிலும் ஏறாது.

2. பணம். வேலை அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு வைப்பதை அமெரிக்கா 1986இல் சட்டவிரோதமாக்கியது. ஆகவே ஓர் அருங்காட்சியகம் ஒருவரைப் "பங்காளி" என்று மேடையில் அழைக்கலாம், மாதச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கப் பல நிறுவனங்கள் "தன்னார்வலர்" என்ற பெயரைக் கையில் எடுக்கின்றன. அப்போது திட்டத்தில் கலைஞர், ஒருங்கிணைப்பாளர், அச்சகத்தார், காவலாளி எல்லோருக்கும் கூலி இருக்கும், யார் பெயரால் திட்டம் நடக்கிறதோ அவர்களுக்கு மட்டும் இருக்காது. சியர்ராவின் பெர்லின் பெட்டிகள் குத்திக்காட்டியது இதைத்தான்.

ஐஸ்லாந்து-டேனிஷ் கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் 2016இல் வியன்னாவில் தொடங்கிய பச்சை விளக்குத் திட்டத்திலும் இதே முடிச்சு. தஞ்சம் கோரி வந்தவர்களும் மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து விளக்குகள் செய்தார்கள். நன்கொடை கொடுத்தால் ஒரு விளக்கு. பணம் அகதிகளுக்கான அமைப்புகளுக்குப் போனது. கூடவே மொழி வகுப்பும் ஆலோசனையும் இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டு இதையே வெனிஸ் பியனாலேவின் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுபோனபோது நிலைமை மாறியது. உலகெங்கிலுமிருந்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சுற்றி நின்று, அகதிகள் மேசையில் வேலை செய்வதைப் பார்த்தார்கள். மிருகக்காட்சிசாலை போல இருக்கிறது என்ற கடுமையான விமர்சனம் எழுந்தது. திட்டம் அதேதான், ஆட்களும் அதே நிலையில் இருந்தவர்கள்தான். இடம் மாறியதும், பங்கெடுத்தவர்கள் காட்சிப்பொருளாகிவிட்டார்கள்.

3. பின்னால் மிஞ்சுவது. கலைஞர் போன பிறகு என்ன இருக்கும்? பெரும்பாலான இடங்களில் ஒரு கண்காட்சிக் கையேடும் சில புகைப்படங்களும். கொரோனாவில் அப்படி ஆகவில்லை. புருகேரா மெல்ல ஒதுங்க, வகுப்புகளுக்கு வந்துகொண்டிருந்தவர்களே குழு அமைத்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அந்த முயற்சி சென்ட்ரோ கொரோனா என்ற பெயரில் சமூக மையமாகவே தொடர்ந்தது. கலைஞரின் பெயரும் கலைத் திட்டத்தின் பெயரும் கழன்று விழுந்தன. ஆர்ன்ஸ்டைனின் ஏணியில் மேல்படிக்குப் போன அரிய உதாரணம் இது. அருங்காட்சியகத்துக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே சமூக அமைப்பாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். பொதுவாக அருங்காட்சியகங்கள் செய்யாத காரியம் அது. 2020இல் பெருந்தொற்று கொரோனா வட்டாரத்தை மிக மோசமாகத் தாக்கியபோது, குவீன்ஸ் அருங்காட்சியகம் தன் இடத்தில் உணவுப்பொருள் வழங்கும் மையம் நடத்த உள்ளூர் அமைப்புகளுக்குக் கதவைத் திறந்தது.

இங்கே லண்டனையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2018இல் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டமான டர்பைன் கூடத்தில் புருகேராவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் வசிக்கும் 21 பேர் கொண்ட குழுவை அமைத்தார். அவர்கள் வலியுறுத்தி, கட்டடத்தின் ஒரு பகுதிக்கு உள்ளூர்ச் சமூகப் பணியாளர் ஒருவரின் பெயர் வைக்கப்பட்டது, முதலில் ஓராண்டுக்கு என்று. பெரிய நிறுவனம் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்: ஒரு பெயர்ப்பலகை. கொரோனாவின் சின்னக் கடையிடத்தில் நடந்த கைமாற்றத்தோடு ஒப்பிட்டால், நிறுவனத்தின் அளவு கூடக்கூட அதிகாரம் கைமாறுவது குறைகிறது என்றே தோன்றுகிறது.

வேறு வழிகளும் உண்டு

எல்லாத் திட்டமும் சேவை மையமாக வேண்டியதில்லை. துருக்கியில் பிறந்த அஹ்மெத் ஒகூத் 2012இல் லண்டனில் தொடங்கிய "மௌனப் பல்கலைக்கழகம்" வேறு திசையில் போனது. சொந்த நாட்டில் மருத்துவராகவோ கணக்காளராகவோ பேராசிரியராகவோ இருந்து, அகதியாக வந்த நாட்டில் அந்தத் தகுதி செல்லாமல் போனவர்கள் அங்கே விரிவுரை கொடுப்பார்கள், அதுவும் தங்கள் சொந்த மொழியிலேயே. கொரோனாவில் குடியேறிகள் கற்க வந்தார்கள், இங்கே கற்பிக்க வந்தார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிறகு ஸ்டாக்ஹோம், ஹாம்பர்க், அம்மான் என்று பல நகரங்களில் இது நடந்தது.

தமிழர்களோடு நேரடித் தொடர்புள்ளது யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனின் வேலை. 2011இல் வெளியான அவருடைய "முற்றுப்பெறாத தோம்பு" நூலுக்காக, போரால் வீடிழந்த 80 பேர் தாங்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவு வரைபடமாக்கினார். அதற்குச் சனாதனன் தன் ஓவியத்தைச் சேர்த்தார். தோம்பு என்பது இலங்கையில் அந்நியர் ஆட்சிக் காலத்துக் காணிப் பதிவேடு. வான்கூவரின் மானிடவியல் அருங்காட்சியகத்துக்காக அங்கே குடியேறிய ஈழத்தமிழர்களிடம், வீடு என்றால் நினைவுக்கு வரும் பொருள் ஒன்றைத் தரச் சொல்லி ஒரு படைப்பும் செய்தார். இவற்றில் யாருக்கும் வகுப்போ சட்ட உதவியோ கிடைக்கவில்லை. ஆனால் யார் எதைக் கொடுத்தார், கலைஞர் எதைச் சேர்த்தார் என்பது பக்கத்துக்குப் பக்கம் பிரித்துத் தெரிகிறது. கோடு வரைந்தவரின் கோடு அழியாமல் அப்படியே இருக்கிறது.

நம்பிக்கை கசிந்தால்

இப்போது தொடக்கத்தில் விட்ட அடையாள அட்டைக்கு வருவோம். விளம்பர நிறுவனம் ஏன் போதாது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

நியூயார்க் நகரம் 2015 ஜனவரியில் இந்த அட்டையைக் கொடுக்கத் தொடங்கியது. நகரத்தில் வசிப்பவர் யாராக இருந்தாலும், குடியேற்ற நிலை என்னவென்று கேட்காமல் கொடுக்கப்படும். போலீஸ் நிறுத்தினால் காட்டலாம், பிள்ளையின் பள்ளிக்குள் நுழையக் காட்டலாம், சில வங்கிகளில் கணக்குத் தொடங்கலாம். இதில் ஒரு பொறி இருந்தது. ஆவணமற்றவர்கள் மட்டும் அந்த அட்டையை வாங்கினால், அட்டையே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். அதனால் குடிமக்களையும் வாங்கவைக்க, அட்டை வைத்திருப்பவர்களுக்கு அருங்காட்சியகங்கள், விலங்குக் காட்சிசாலைகள், கச்சேரி அரங்குகள் என்று 33 பண்பாட்டு நிறுவனங்களில் ஓராண்டு இலவச உறுப்பினர் சலுகை தரப்பட்டது. வசதியான ஆட்களும் வரிசையில் நின்றார்கள்.

ஆனாலும் ஒளிந்து வாழப் பழகிய ஒருவர் தன் பெயரையும் முகவரியையும் அரசு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கச் சுவரொட்டி பார்த்து வந்துவிட மாட்டார். தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். புருகேரா செய்தது, கொரோனாவில் உருவான அதே பெண்கள் குழுவோடு சேர்ந்து, அவர்கள் சைக்கிளில் அக்கம்பக்கத்துக்குப் போய் நகரச் சேவைகள் பற்றிச் சொல்லவும், மக்கள் சொல்வதை அலுவலகத்துக்குக் கொண்டுவரவும் ஏற்பாடு செய்தது. ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் சேர்ந்த நம்பிக்கை அரசுத் திட்டத்துக்குக் கடனாகப் போனது.

2016 நவம்பர் தேர்தலில் டிரம்ப் வென்றதும் அந்தக் கடனின் ஆபத்து தெரிந்தது. விண்ணப்பித்தவர்கள் கொடுத்த ஆவணங்களின் நகல்கள் நகரத்திடம் இருந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அட்டை வாங்கியிருந்தார்கள். கூட்டாட்சி அரசு கேட்டால் என்ன ஆகும்? அட்டைக்கான சட்டத்திலேயே, 2016 முடிவில் அந்த நகல்களை அழிக்க வழி வைத்திருந்தார்கள். நகரம் அதைச் செய்யப் போனபோது, ஸ்டேட்டன் ஐலண்டைச் சேர்ந்த இரண்டு குடியரசுக் கட்சி மாநில சட்டமன்ற உறுப்பினர்கள், அவை பொது ஆவணங்கள், அழிக்கக் கூடாது என்று வழக்குத் தொடர்ந்தார்கள். 2017 ஏப்ரலில் விசாரணை நீதிபதி நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டிலிருந்து புதிய விண்ணப்பதாரர்களின் ஆவண நகல்களை வைத்துக்கொள்வதையே நகரம் நிறுத்திவிட்டது.

கலைஞர் கையெழுத்துப் போட்ட படிவம் எதிலும் இந்த ஆபத்து இருக்காது. சைக்கிளில் போய்ச் சொன்ன பெண்களும் அண்டைவீட்டுக்காரரும்தான் அதைச் சுமந்தார்கள். வகுப்புக்கு வருகைப் பதிவேடு வைப்பதா, நிதி கொடுத்தவருக்கு அனுப்பும் அறிக்கையில் முகம் தெரியும் புகைப்படம் போடுவதா, கண்காட்சிச் சுவரில் முழுப்பெயர் எழுதுவதா என்பவை அருங்காட்சியகத்துக்கு அலுவலக வழக்கங்கள். எதிரில் இருப்பவருக்கு அவை நாடு கடத்தலுக்கான சாட்சியாக மாறக் கூடியவை. ஆகவே ஒரு திட்டத்தில் இந்த மூன்றையும் முடிவு செய்தது யார், எப்போது என்று விசாரித்தாலே போதும், அது ஏணியின் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.